சத்தியம் செய்தால் கவனம் வருமா?

சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலுக்கு ஜனங்கள் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று வேண்டுதல். மற்றொன்று சத்தியம். கொடுக்கல் வாங்கல் தகராறோ, களவுப் புகாரோ, பங்காளிச் சண்டையோ எதுவானாலும், "காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்யத் தயாரா?" என்று கேட்டுவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சந்நிதியில் நின்று பொய் சொல்லும் துணிச்சல் இந்தப் பக்கத்தில் சுலபத்தில் எவருக்கும் வராது. குடியை விட நினைக்கிறவர்களும் இங்கே வந்துதான் பிரமாணம் எடுக்கிறார்கள். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பிழைக்க வந்த தமிழர்களுக்கும் இது பழகிப்போன வழக்கம்தான்.

ஆனால் சத்தியத்தால் தீராத தகராறு ஒன்று ஆபீசுகளிலும், பஸ் டிப்போக்களிலும், மாங்கூழ்த் தொழிற்சாலைகளிலும் அன்றாடம் நடக்கிறது. ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். கை சுத்தமானவர். வேலை தெரிந்தவர். ஆனால் காலையில் வந்த தபாலை எங்கே வைத்தார் என்பது மாலையில் அவருக்கே தெரியாது. மூன்று வேலை சொன்னால் முதலாவதைத் தொடங்குவார். நடுவில் டெலிபோன் மணி அடித்தால் அதன் பின்னாலேயே போய்விடுவார். கூட்டல் வராதவர் அல்ல. ஆனால் அடுத்த பக்கத்துக்குத் தொகையைக் கொண்டுபோகும்போது ஒரு வரி தாண்டிவிடுகிறது. கவுன்ட்டரை மூடும் வேளையில் கணக்கு உதைக்கிறது. "பணத்தை எடுத்தாயா?" என்று கேட்டால் இல்லை என்று எந்தச் சந்நிதியிலும் சத்தியம் செய்வார். அது உண்மை. "இனி இப்படி நடக்காது" என்றும் சத்தியம் செய்வார். அதையும் மனதார நம்பித்தான் செய்வார். பத்தே நாளில் மறுபடி நடக்கும். அப்போதுதான் சக ஊழியர்கள் அவரைப் பொய்யன் என்று முடிவு கட்டுகிறார்கள்.

பொய்யைத் தடுக்க சத்தியம் உதவும். கவனம் தப்புவதைச் சத்தியம் என்ன செய்யும்?

சோம்பல் அல்ல

இத்தகையவர்களில் சிலருக்கு உள்ளது கவனக் குறைவுக் கோளாறு என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பார்கள். 1902ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், புத்தி நன்றாக இருந்தும் தங்களை அடக்கிக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவரே அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றுதான் குறிப்பிட்டார். அந்த 'ஒழுக்கம்' என்ற சொல் இன்றுவரை ஆபீசுகளை விட்டுப் போகவில்லை. 1980ல்தான் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் கவனக் குறைவுக் கோளாறு என்ற பெயரைச் சேர்த்தது. நெடுங்காலம் இது பள்ளிப் பிள்ளைகளின் வியாதியாகவே எண்ணப்பட்டது. வளர்ந்த பிறகும் பலருக்கு நீடிக்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. 20 நாடுகளில் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான கணக்குப்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 2.8 பேருக்கு இது உண்டு. அதாவது, 40 பேர் உட்காரும் ஒரு ஆபீசில் சராசரியாக ஒருவர்.

பெயரைப் பார்த்து இவர்களுக்குக் கவனமே கிடையாது என்று எண்ணிவிடக் கூடாது. கவனம் இருக்கிறது, அது சொன்ன இடத்தில் நிற்பதில்லை. மனத்துக்குப் பிடித்த வேலையில் மூன்று மணி நேரம் சாப்பாட்டை மறந்து உட்காருவார்கள். அதே ஆள், பத்து நிமிஷத்தில் முடியும் ஒரு படிவத்தைப் பத்து நாள் தள்ளிப்போடுவார். இதைத்தான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரால் தாங்க முடிவதில்லை. "அதற்கு மட்டும் முடிகிறது, இதற்கு முடியவில்லையா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விபோலத்தான் தோன்றும். ஆனால் கோளாறே அதுதான். காலம் போவது தெரியாமை, கேட்டதைச் சில நிமிஷம்கூட மனத்தில் நிறுத்த முடியாமை, தொடங்குவதில் உள்ள மலைப்பு ஆகியவை எல்லாம் அதன் கூறுகள்.

பிழைக்க வந்த ஊரில் இது இன்னொரு மடங்கு கஷ்டம். மேஸ்திரி தெலுங்கில் நாலு கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். புதிதாக வந்த தமிழ்த் தொழிலாளி இரண்டைச் செய்கிறார். மற்ற இரண்டும் மொழி புரியாமல் விட்டதா, கவனம் தப்பி விட்டதா? மேஸ்திரிக்குத் தெரியாது. பல சமயம் தொழிலாளிக்கே தெரியாது. தன் குறை மொழியில் இருக்கிறது என்று நினைத்துத் தெலுங்கு எழுத்துப் பழகப் போகிறவரும் உண்டு. அது நல்லதுதான், ஆனால் மாத்திரை மாறிப்போன வைத்தியம்.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவரோடு ஒரே செக்ஷனில் வேலை செய்பவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அவர் விட்ட பதிவை இவர்கள் எழுத வேண்டும். அவர் தேடும் சாவியை இவர்களும் தேட வேண்டும். ஆடிட் வரும்போது செக்ஷன் முழுவதும் கூண்டில் நிற்க வேண்டும். "அவர் வேலையையும் நானே செய்ய எனக்கு இரட்டைச் சம்பளமா தருகிறார்கள்?" என்று கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. பொறுமையாக இருங்கள், அன்பாக இருங்கள் என்று அவருக்கு உபதேசம் செய்வதிலும் பயன் இல்லை. ஒரு மாதம் பொறுப்பார், இரண்டு மாதம் பொறுப்பார். பொறுமையை நம்பி ஒரு ஆபீஸ் நடக்காது.

மூன்று சகோதரர்கள்

காணிப்பாக்கத்தின் தலபுராணத்தில் இதற்கு ஒரு வழி தெரிகிறது. மூன்று சகோதரர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேளாது, ஒருவருக்கு வாய் பேச வராது. சிறிதளவு நிலத்தை வைத்துக்கொண்டு, கிணற்றில் ஏற்றம் இறைத்துப் பயிர் செய்துவந்தார்கள். ஒரு நாள் கிணற்றில் தண்ணீர் வற்றிப்போயிற்று. ஒருவர் உள்ளே இறங்கித் தோண்டினார். கருவி ஒரு கல்லில் பட்டு ரத்தம் பெருகிற்று. கிணறே சிவந்தது. மூவரின் குறையும் அந்த க்ஷணமே நீங்கிற்று. அந்தக் கல்லே சுயம்புவான விநாயகர். ஊரார் ஓடிவந்து உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால் காணிப்பாக்கம் என்று பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். இன்றும் மூர்த்தி கிணற்று நீரில்தான் எழுந்தருளியிருக்கிறார்.

கதை கேட்கிறவர்கள் எல்லோரும் ரத்தம் பெருகிய அந்த ஒரு நாளைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முந்தைய நாட்களை நினைப்பவர் குறைவு. அற்புதம் நிகழ்வதற்கு முன்பே மூவரும் சேர்ந்து விவசாயம் செய்து பிழைத்தார்கள் அல்லவா? அது எப்படி நடந்திருக்கும்?

ஏற்றம் இறைப்பது தனியாள் வேலை அல்ல. ஏற்ற மரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர் வேறு. கிணற்றோரம் நின்று சாலை இறக்கி, அது நிறைந்து மேலே வந்ததும் கவிழ்ப்பவர் வேறு. இருவருக்கும் தாளம் தப்பினால் மேலே இருப்பவர் விழுவார். இங்கே வாய் பேசாதவர் கண் தெரியாதவரிடம் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. சைகையும் காட்டியிருக்க முடியாது. தொட்டுத்தான் காட்டியிருக்க வேண்டும். காது கேளாதவரைக் கூப்பிட்டிருக்க முடியாது. அவர் கண் முன்னால் போய்த்தான் நின்றிருக்க வேண்டும். "நீ ஏன் கேட்கவில்லை, நீ ஏன் பார்க்கவில்லை" என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு சால் தண்ணீர் ஏறியிராது. யாருக்கு எது முடியுமோ அதற்கேற்ப வேலையையும் சைகையையும் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்றத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டிலேயே எண்ணிக்கொண்டு போவார்கள். கருக்கலில் தொடங்கி நூற்றுக்கணக்கான சால் இறைப்பவர் எண்ணிக்கையை மனத்தில் வைத்திருப்பது யாருக்கும் ஆகாத காரியம். ஆகவே எண்ணிக்கையைப் பாட்டிடம் ஒப்படைத்தார்கள். கவனம் தப்பும் என்று முன்பே ஒப்புக்கொண்ட ஜனங்கள் செய்த ஏற்பாடு அது. யாரும் அதை ஊனம் என்று சொல்லவில்லை.

ரயில்வே கண்ட வழி

இதே ஏற்பாட்டை மிகப் பெரிய அளவில் செய்து வைத்திருப்பது ரயில்வே. அது மனிதனின் ஞாபகத்தை நம்புவதே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்மேனும் டெலிபோனில் பேசி, கேட் மூடியாயிற்று என்று சொன்னால் மட்டும் போதாது; பிரைவேட் நம்பர் கொடுத்து, அதை எழுதிக்கொண்டு, தாளில் அந்த நம்பரை அடித்துவிட வேண்டும். எஞ்சினில் டிரைவர் சிக்னலைப் பார்த்தால் மனத்துக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உதவியாளர் திருப்பிச் சொல்ல வேண்டும். எஞ்சினில் உள்ள விழிப்புக் கருவி, சுமார் ஒரு நிமிஷம் டிரைவரிடமிருந்து எந்த அசைவும் இல்லையானால் விளக்கைக் காட்டும், சத்தம் போடும், பிறகு தானே பிரேக் போடும். டிரைவர் யோக்கியரா, சோம்பேறியா என்று அது விசாரிப்பதில்லை.

இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. 1915ஆம் ஆண்டு மே 22ந் தேதி ஸ்காட்லாந்தில் குவின்டின்ஸ்ஹில் என்ற இடத்தில் நடந்த விபத்து ரயில்வே உலகில் பிரசித்தம். காலை ட்யூட்டிக்கு வந்த சிக்னல்மேன் ஒரு லோக்கல் வண்டியில் வந்து இறங்கினார். அந்த வண்டி அவருடைய கேபினுக்கு எதிரிலேயே மெயின் லைனில் நின்றது. தாமதமாக வந்ததை மறைக்க, முந்தைய ஆள் துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருந்ததை ரிஜிஸ்டரில் தன் கையெழுத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். தான் வந்த வண்டியே எதிரில் நிற்பதை மறந்து, அதே லைனில் ராணுவ வண்டிக்கு வழி கொடுத்துவிட்டார். 200க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். லைனில் வண்டி நிற்கிறது என்று நினைவுபடுத்த நெம்புகோலில் மாட்டும் ஒரு வளையம் உண்டு. அன்று அதை யாரும் மாட்டவில்லை. அந்தச் சிக்னல்மேனுக்குக் கவனக் குறைவுக் கோளாறு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. எல்லோரையும் போன்ற மனிதர். எல்லோரையும் போன்ற மனிதருக்கே ஒரு வளையம் தேவைப்படுகிறது என்பதுதான் விஷயம்.

ஜப்பானிய ரயில்வேயில் சிக்னலை விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் உண்டு. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அங்குள்ள ரயில்வே ஆராய்ச்சிக் கழகம் 1994ல் சோதித்துப் பார்த்தபோது, 100 காரியங்களுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொல்லும்போது 0.38 ஆகக் குறைந்தது.

ஆபீசிலும் இதையே செய்யலாம். செலவு இல்லை. வாய்ச் சொல்லாகக் கட்டளை கொடுப்பதை நிறுத்தி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். இப்போது கைபேசியில் எழுதி அனுப்பினாலும் சரி, ஆனால் இரண்டு நிமிஷப் பேச்சைப் பதிவு செய்து அனுப்புவது சீட்டு ஆகாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேட்கலாம். "மாதக் கடைசிக்குள் ரிட்டர்ன் வேண்டும்" என்பதற்குப் பதில், "இன்று மூன்று மணிக்குள் முதல் பத்து வரி" என்று கேட்கலாம். இந்த வியாதிக்காரருக்கு மாதக் கடைசி என்பது வேறு ஒரு யுகம். மூன்று மணி என்பது கண்ணுக்குத் தெரியும். பணம் எண்ணுகிறவரை நடுவில் கூப்பிடாமல் இருக்கலாம். அவர் மேஜையை வாசல் ஓரத்திலிருந்து சுவர் பக்கம் மாற்றலாம். சாவிக்கு ஒரே ஒரு ஆணி. வேறு எங்கும் வைக்கக் கூடாது. சலிப்பான வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் தன் வேலையோடு உட்கார்ந்திருந்தாலே இவருக்கு ஓடுகிறது என்பதைப் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

இவற்றில் எதற்கும் அவருடைய வியாதியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. இது முக்கியம். "உனக்கு அந்தக் கோளாறா?" என்று கேட்பதும், கான்டீனில் பேசுவதும், பட்டப்பெயர் வைப்பதும் யாருடைய வேலையும் அல்ல. செல்போன் வந்தபின் எல்லோரும்தான் மறக்கிறார்கள். மறதி எல்லாம் கோளாறும் ஆகாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று வைத்தியர் விசாரித்துத்தான் முடிவு சொல்வார். தூக்கமின்மை, கவலை, தைராய்டு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஏற்பாட்டை செக்ஷனில் எல்லோருக்கும் பொதுவாகச் செய்துவிட்டால் ஒருவரைச் சுட்டிக்காட்டும் அவசியமே இராது. எல்லோருடைய தவறும் குறையும்.

கவனம் தப்புகிறவருக்கும் கடமை உண்டு. தவறு நடந்த உடனே சொல்லிவிட வேண்டும். மூடி மறைத்தால் மேலும் இரண்டு தவறுகள் சேரும். சீட்டு கொடுத்தால் அதைப் பையில் போட்டு மறக்காமல் கண் முன் ஒட்டி வைக்க வேண்டும். மற்றவர் தன் கூட்டலைச் சரிபார்த்தால், பதிலுக்குத் தன்னால் முடிந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முண்டியடிக்கும் நேரத்துக் கவுன்ட்டர், ஓடியாடிச் செய்யும் வெளி வேலை, திடீர் நெருக்கடி ஆகியவற்றில் இவர்களில் சிலர் மற்றவர்களைவிட நன்றாக நிற்பார்கள். அதற்காக, இது ஒரு வரப்பிரசாதம், மேதைகளின் அடையாளம் என்று இப்போது சிலர் எழுதுவதை நம்பிவிட வேண்டாம். இரண்டு இன்கிரிமென்டை இழந்தவரின் வீட்டில் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒரு மாம்பழத்துக்கு இரண்டு கை

காணிப்பாக்கத்தின் ஓரமாக ஓடும் பாஹுதா நதிக்கும் ஒரு சகோதரர் கதை உண்டு. சங்கர், லிகிதர் என்று இருவர். யாத்திரையில் பசி தாங்காத தம்பி, அண்ணன் தடுத்தும் கேளாமல் பிறர் தோப்பில் ஒரு மாம்பழத்தைப் பறித்துத் தின்றுவிட்டார். அண்ணன் நியாயவான், நேரே அரசனிடம் சொல்லிவிட்டார். அரசன் தம்பியின் இரு கைகளையும் வெட்டச் செய்தான். ஒரு பழத்துக்கு இத்தனை பெரிய தண்டனை வரும் என்று அண்ணன் எதிர்பார்க்கவில்லை. நதியில் முழுகியதும் கைகள் திரும்ப வந்தன. கைகளைத் தந்ததால் நதிக்கு அந்தப் பெயர். புராணத்தில் வியாதியைத் தேடுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் ஆபீஸ்களில் நடப்பது இந்தக் கதைதான். ஒழுங்கு வேண்டும் என்று ஒருவர் மேலே எழுதுகிறார். மெமோ வருகிறது, விளக்கம் கேட்கிறார்கள், இன்கிரிமென்ட் நிற்கிறது, சஸ்பென்ஷனில் முடிகிறது. எழுதியவர் அவ்வளவு தூரம் போகும் என்று நினைத்திருக்கமாட்டார். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு வேலை போனால், வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து போகும். திரும்பத் தர இங்கே நதி இல்லை.

சட்டத்தின் துணையும் அதிகம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. கவனக் குறைவுக் கோளாறு தனிப் பெயராக இல்லை. எனவே மெமோவுக்குப் பதில் எழுதுகிறவர் சட்டப் பிரிவைக் காட்டித் தப்பிக்க முடியாது. செக்ஷனில் இருக்கும் மனிதர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

வைத்தியம் உண்டு. மாத்திரைகள் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. அவை கட்டுப்பாடு உள்ள மருந்துகள்; மனநல வைத்தியரின் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. சித்தூரில் இருப்பவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. பக்கம், அதன் மனநலப் பிரிவு பாகாயத்தில் இருக்கிறது. திருப்பதியில் இருப்பவர்கள் ருயா அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. போவதற்குத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்; கட்டணம் இல்லை, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். போகும்போது பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு இருந்தால் எடுத்துப் போவது நல்லது. சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று சொல்ல அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது.

விநாயக சதுர்த்தியில் தொடங்கும் காணிப்பாக்கம் பிரம்மோற்சவம் ஏறக்குறைய மூன்று வாரம் நடக்கும். அந்த நாட்களில் பஸ்ஸிலும் கவுன்ட்டரிலும் கடையிலும் கூடுதல் ட்யூட்டி போடாத இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. யாரை எங்கே போடுவது என்று பட்டியல் எழுதும்போது, அந்தக் கவனம் தப்பும் ஆளையும் கூப்பிட்டு, இரவு கணக்கு முடிக்கும் மேஜை வேண்டுமா, பகலில் கூட்டத்தைச் சமாளிக்கும் இடம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுதலாம்.